மாடர்ன் தியேட்டர்ஸ் படம் எத்தனை நெஜமா உக்காந்து பாத்திருக்கீங்க?

செவ்வாய்ப்பேட்டை தம்பி | பிப்ரவரி 2, இரவு 8:10

சேலத்துக்காரங்ககிட்ட ஒரே கேள்வி. எங்க போனாலும் நம்மூர்ப் பழைய சினிமா கம்பெனி மாடர்ன் தியேட்டர்ஸ் மாடர்ன் தியேட்டர்ஸ்னு பீத்திக்கறோமே, அவங்க எடுத்ததுல எத்தனை படத்தை 'வணக்கம்' கார்டு வரைக்கும் பாத்திருக்கீங்க? பிடிச்ச படம், புக்கு, சீரியல் சொல்லுங்க. ஆனா ஊர்ப் பெருமைக்குன்னு எதையும் லிஸ்ட்ல சொருகக் கூடாது. என் கணக்குப்படி நம்மூர்ப் படம் ஒண்ணு கூட தேறாது.

கோரிமேட்டுக்காரன் | பிப்ரவரி 2, இரவு 9:35

தம்பி சரியான எடத்துல கை வெச்சிட்டீங்க. நம்மாளுங்க பேசறது பூரா 'முதல்' கணக்குதான். மலையாளத்துல முதல் பேசும் படம் பாலன், 1938, எடுத்தது நாம. தமிழ்ல முதல் டபுள் ஆக்ட் உத்தமபுத்திரன், 1940, பி.யு.சின்னப்பா, எடுத்தது நாம. தமிழ்ல முதல் முழுநீளக் கலர் படம் அலிபாபாவும் 40 திருடர்களும், 1956, நாம. மலையாளத்துல முதல் கலர் படம் கண்டம் பெச்ச கோட்டு, 1961, அதுவும் நாம. என்னமோ நாமளே கேமரா புடிச்ச மாதிரி. சரி, பாலன்ல ஒரு சீன் சொல்லுங்கன்னு கேட்டா ஊர்ல ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான். நான் தேடிப் பாத்த வரைக்கும் எனக்கும் ஸ்டில்லுதான் கெடச்சுது, படம் கெடைக்கல. பாக்காத படத்த எப்படிங்க பிடிச்ச படம்னு சொல்றது.

என் லிஸ்ட் இது. படம்: வல்லவன் ஒருவன். புக்கு: நிழல் முற்றம். சீரியல்: விடாது கருப்பு. காரணம் கேட்டா நாளைக்கு, இப்ப வீட்ல சாப்பிடக் கூப்புடறாங்க.

கோரிமேட்டுக்காரன் | பிப்ரவரி 2, இரவு 10:20

வல்லவன் ஒருவனும் மாடர்ன் தியேட்டர்ஸ்தானே, அப்ப பெருமை லிஸ்ட்தானேன்னு ஒருத்தர் கேட்டிருக்காரு. அந்தப் படத்த சொல்லி எவன் பெருமைப்பட்டான்? மேடையில அலிபாபாவப் பத்திப் பேசுவாங்க, ஜெய்சங்கர் துப்பாக்கி புடிச்ச படத்தப் பத்தி எந்த மேடையிலயும் பேசி நான் கேட்டதில்ல. அதுனாலதான் அது என் லிஸ்ட்ல இருக்கு.

கோரிமேட்டுக்காரன் | பிப்ரவரி 3, இரவு 9:05

இப்ப சாவகாசமா.

மாடர்ன் தியேட்டர்ஸ ஆரம்பிச்ச டி.ஆர்.சுந்தரம் 1963ல தவறிட்டாரு. அதுக்கப்பறம் மகன் ராமசுந்தரம் கம்பெனிய நடத்துனாரு. ராஜா ராணி கத்திச் சண்டை எல்லாம் ஓஞ்சு போச்சு, துப்பறியற படமா வர ஆரம்பிச்சுது. வல்லவனுக்கு வல்லவன் 1965, வல்லவன் ஒருவன் 66, இரு வல்லவர்கள் 66, எதிரிகள் ஜாக்கிரதை 67, சி.ஐ.டி. சங்கர் 70. எங்கப்பா லீ பஜார்ல லாரி புக்கிங் ஆபீஸ்ல இருந்தாரு, அவருக்கு எம்ஜிஆர் கட்சியும் கெடையாது சிவாஜி கட்சியும் கெடையாது, ஜெய்சங்கர் கட்சி. அந்தக் கட்சிக்கு ஊர்ல ஆளு கம்மி, ஆனா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை படம் வரும்ங்கற நிம்மதி இருந்துச்சுன்னு சொல்லுவாரு.

நான் அந்தப் படங்களப் பாத்தது எல்லாம் டிவிலயும் அப்பறம் சிடிலயும்தான். ஏன் பிடிக்கும்னா அதுல யாரும் யாருக்கும் நீதி சொல்றதில்ல. செவுத்துல ஒரு பட்டன அமுக்குனா செவுரு தொறக்கும், உள்ள செவப்பு லைட்டு எரிஞ்சு எரிஞ்சு அணையும், வில்லன் ஒருத்தன் மைக்ல பேசுவான். அந்த மிஷினுக்கு என்ன வேலைன்னு கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியாது. செட்டு அட்டைன்னு பாத்தாலே தெரியும், தெரிஞ்சா என்ன, யாரு நல்லவன் யாரு கெட்டவன்னு கண்டுபிடிக்கற அவசரத்துல நமக்கு அதப் பாக்க நேரம் இருக்காது. வேலைக்குப் போயிட்டு மண்ட காஞ்சு வர்ற அன்னிக்கு நான் போடறது இந்தப் படத்ததான், உலக சினிமா இல்ல. யாரும் பக்கத்துல இல்லாதப்ப எதைப் போட்டுப் பாக்கறோமோ அதுதான் கணக்கு, நாலு பேரு முன்னாடி சொல்றது இல்ல.

பாட்டு தனி. பளிங்கினால் ஒரு மாளிகை, எல்.ஆர்.ஈஸ்வரி. அந்தக் குரல் ஸ்பீக்கர்ல வந்தா இன்னிக்கும் எங்க தெருவுல ஒரு பெருசு வெளிய வந்து நிக்குது.

கோரிமேட்டுக்காரன் | பிப்ரவரி 3, இரவு 9:50

இந்தப் படங்களுக்கு மியூசிக் போட்ட வேதா பாட்டெல்லாம் ஹிந்திக் காப்பின்னு சொன்னவருக்கு: நெறைய ஆமாங்க. ஓராயிரம் பார்வையிலே பாட்டோட மெட்டு மட்டும் இல்ல, வல்லவனுக்கு வல்லவன் படமே உஸ்தாதோன் கே உஸ்தாத் படத்தோட ரீமேக்தான். ஆனா அந்தப் பாட்ட யாருக்குக் குடுத்தாங்கன்னு பாருங்க. அசோகனுக்கு. ஊரையே மெரட்டற மொகம், டி.எம்.எஸ். குரல்ல உருகிப் பாடுது. ஹிந்திப் பாட்டையும் தேடிக் கேட்டேன், நல்லாத்தான் இருக்கு, ஆனா அங்க அசோகன் இல்லையே.

கோரிமேட்டுக்காரன் | பிப்ரவரி 5, மதியம் 1:30

சாப்பாட்டு நேரத்துல சுருக்கமா. அலிபாபாவ எல்லிஸ் ஆர். டங்கன் எடுத்தார்னு மேல ஒருத்தர் போட்டிருக்காரு, இல்ல. அது டி.ஆர்.சுந்தரமே டைரக்ட் பண்ணது. டங்கன் இங்க எடுத்தது பொன்முடி, மந்திரிகுமாரி, ரெண்டும் 1950. மந்திரிகுமாரி முடியறதுக்குள்ள அவரு அமெரிக்கா கெளம்பிட்டாரு, மிச்சத்த சுந்தரம் முடிச்சாரு, அதான் டைட்டில்ல ரெண்டு பேரும்.

அலிபாபா பிடிக்குமான்னா, பானுமதி வர்ற எடமெல்லாம் பிடிக்கும். அந்தம்மா எம்ஜிஆர் முன்னாடியும் சரி பி.எஸ்.வீரப்பா முன்னாடியும் சரி ஒரு இன்ச் எறங்கி நிக்க மாட்டாங்க. மத்தபடி சின்ன வயசுல அண்டாகாகசம் சொல்லிகிட்டு எங்க வீட்டு பீரோ முன்னாடி நின்னதோட சரி.

கோரிமேட்டுக்காரன் | பிப்ரவரி 6, இரவு 10:10

மந்திரிகுமாரி பேர எடுத்துட்டேன், சும்மா விட முடியல.

போன மாசம் அம்மாப்பேட்டைல ஒரு கல்யாண ரிசப்ஷன். ஆர்கெஸ்ட்ரா. பொண்ணும் மாப்பிள்ளையும் மேடைக்கு ஏறற நேரத்துக்கு 'வாராய் நீ வாராய்' எடுத்து வுட்டானுங்க பாருங்க, எனக்கு பந்தியில போட்ட பாயசம் மூக்குல ஏறிடுச்சு. ஏங்க, அந்தப் பாட்டு எதுக்கு வருது? பொண்டாட்டிய மலை உச்சிக்குக் கூட்டிட்டுப் போயி கீழ தள்ளறதுக்கு புருஷன் கூப்புடற பாட்டு! திருச்சி லோகநாதன் அவ்வளவு கொழஞ்சு பாடறாரு, ஜிக்கி நம்பி கூடவே பாடுது, மேல போனதுக்கப்பறம்தான் அந்தப் பொண்ணுக்கே விஷயம் தெரியுது. அவ சும்மா இருந்தாளா? சாவறதுக்கு முன்னாடி உங்கள மூணு சுத்து சுத்தி வந்துக்கறேன்னு கேட்டு, சுத்தற சாக்குல அவன தள்ளி வுடறா. குண்டலகேசி கதை. அத ரிசப்ஷன்ல பாடறாங்க, மாமனாரு கைதட்டறாரு.

ஆனா யோசிச்சா, பாட்டு அப்படி இருக்கறதுதான் அந்த சீனுக்கே உசிரு. ஜி.ராமநாதன் அதுல பயமுறுத்தற மாதிரி ஏதாவது வாசிச்சிருந்தா படம் அங்கயே படுத்திருக்கும். பாக்கறவனுக்கு விஷயம் தெரியும், பாட்டுக்குத் தெரியாது. எஸ்.ஏ.நடராஜன் மொகத்தப் பாருங்க அப்ப. படத்துல எம்ஜிஆர்தான் ஹீரோங்கறாங்க, நான் பாத்த படத்துல ஹீரோ அந்தப் பாட்டும் மாதுரி தேவியும்.

இதுல ஒரு சங்கடம். இந்தப் படத்த நான் மொத மொத உக்காந்து பாத்ததே ஊர்ப் பெருமையிலதான். ஏற்காடு ரோட்ல தெனமும் மாடர்ன் தியேட்டர்ஸ் வாசல் வளைவத் தாண்டித்தான் வேலைக்குப் போறேன், உள்ள பூரா வீடுங்க ஆயாச்சு, வளைவு மட்டும் நிக்குது, அப்படி உள்ள என்னதான் எடுத்தாங்கன்னு பாக்கப் போயி மாட்டுனேன். அதுனால பெருமைய அடியோட வேண்டாம்னு சொல்லவும் மனசு வரல தம்பி. வாசல் வரைக்கும் கூட்டிட்டு வந்து வுட்டுச்சு. உள்ள உக்கார வெச்சது படம்.

கோரிமேட்டுக்காரன் | பிப்ரவரி 7, காலை 7:15

செவ்வாய்ப்பேட்டை தம்பி நல்ல கொக்கி போட்டிருக்காரு: 'அண்ணா, அதே படத்த கோயமுத்தூர்ல எடுத்திருந்தா பாத்திருப்பீங்களா?'

பதில் ராத்திரி. இது யோசிச்சு சொல்ல வேண்டியது.

கோரிமேட்டுக்காரன் | பிப்ரவரி 7, இரவு 9:40

கோயமுத்தூர்ல எடுத்திருக்காங்களே. மலைக்கள்ளன். 1954, பட்சிராஜா ஸ்டூடியோ, ஸ்ரீராமுலு நாயுடு. எம்ஜிஆர் படத்துல என்ன ஒண்ணே ஒண்ணு எடுன்னா நான் எடுக்கறது அதுதான், நம்மூர்ல எடுத்த சர்வாதிகாரி படம் இல்ல, அலிபாபாவும் இல்ல. சொல்றதுக்கு வயிறு எரியுது ஆனா அதான் உண்மை. ஜனாதிபதி வெள்ளிப் பதக்கம் வாங்குன முதல் தமிழ்ப் படம் அது. (பாத்தீங்களா, 'முதல்' வியாதி கோயமுத்தூருக்கும் இருக்கு.) அதையே ஹிந்தில திலீப்குமாரை வெச்சு ஆசாத்னு எடுத்தாரு நாயுடு, அடுத்த வருஷமே.

எம்ஜிஆர் அதுல வியாபாரி வேஷத்துல வந்து நைச்சியமா பேசற எடமெல்லாம் பாருங்க, பின்னாடி வந்த எம்ஜிஆர்கிட்ட அந்த வெளையாட்டு கொறைஞ்சு போச்சு, எப்பப் பாத்தாலும் நல்லவரா நிக்க வேண்டியதாப் போச்சு.

கோரிமேட்டுக்காரன் | பிப்ரவரி 7, இரவு 9:58

ஒரு நிமிஷம். மலைக்கள்ளன் கதை நாமக்கல் கவிஞர் எழுதுன நாவல். நாமக்கல் தனி ஜில்லா ஆனது 1997ல. அதுக்கு முன்னாடி சேலம் ஜில்லா. அப்ப அது நம்ம கதை. கேஸ் முடிஞ்சுது.

கோரிமேட்டுக்காரன் | பிப்ரவரி 8, காலை 6:50

மேல போட்டது வெளையாட்டுக்குங்க, அதுக்குன்னு நாமக்கல்காரங்க மூணு பேரு சண்டைக்கு வர வேண்டாம். முட்டையும் உங்களுது, கவிஞரும் உங்களுது.

கோரிமேட்டுக்காரன் | பிப்ரவரி 9, மாலை 5:20

புக்கு பாக்கி இருக்கு.

நிழல் முற்றம், பெருமாள்முருகன், 1993. மாதொருபாகன் வந்து சண்டையானதுக்கு அப்பறம்தான் அவரு பேரு ஊருக்கெல்லாம் தெரிஞ்சுது, அதுக்கு ரொம்ப முன்னாடி எழுதுனது இது. சினிமா கொட்டாயில சோடா விக்கற பசங்க கதை. சினிமாவப் பத்துன புக்குன்னு வாங்குனேன். மொத தடவ படிச்சப்ப எரிச்சலாத்தான் இருந்துச்சு. கதை எங்கய்யான்னு தேடறேன், கதையே இல்ல. பசங்க சோடா விக்கறானுங்க, திட்டு வாங்கறானுங்க, கஞ்சா குடிக்கறானுங்க, கொட்டாயிலயே தூங்கறானுங்க, மறுபடி ஆட்டம். அவனுங்களுக்கு மேல ஒரு படம் ஓடிகிட்டே இருக்கு, அத ஒருத்தனும் ஏறெடுத்துப் பாக்கல.

எங்க மாமா ஒருத்தரு கொட்டாயில சைக்கிள் ஸ்டாண்டு எடுத்து நடத்துனாரு. லீவுக்குப் போனா டோக்கன் கிழிக்கற வேலை எனக்கு. சம்பளம் கெடையாது, இடைவேளைக்கு அப்பறம் உள்ள போயி சும்மா படம் பாக்கலாம். அதுனால எத்தனையோ படத்துக்கு எனக்குப் பின்பாதி மட்டும்தான் தெரியும், மொதல்ல என்ன சண்டைன்னே தெரியாம கடைசியில எல்லாரும் ஏன் அழுவறாங்கன்னு பாத்துட்டு வருவேன். அங்க கோலி சோடா விக்கற பசங்க என் வயசுதான். தண்ணி சொட்டற கிரேட்டத் தூக்கிகிட்டு இருட்டுல கால மிதிக்காம பெஞ்சுக்கு நடுவுல போவானுங்க, ஓப்பனரால பாட்டில தட்டற சத்தத்துலயே எந்த மூலையில இருக்கான்னு தெரியும். அவனுங்கள நான் ஒரு நாளும் ஆளுன்னு கண்டுகிட்டதில்ல. அவன் வீடு எங்க, ரெண்டாவது ஆட்டம் முடிஞ்சா எங்க போவான், ஒண்ணும் கேட்டதில்ல. ரெண்டாவது தடவ அந்தப் புக்க எடுத்தப்ப இதெல்லாம் வந்து உக்காந்துகிச்சு, அப்பறம் கதை எங்கன்னு தேடத் தோணல.

பெருமாள்முருகனோட அப்பா திருச்செங்கோட்டுல கொட்டாயில சோடாக்கடை வெச்சிருந்தவரு, அதான் அந்தச் சத்தமெல்லாம் அப்படியே இருக்கு. அத அவரே பின்னாடி நிழல்முற்றத்து நினைவுகள்னு கட்டுரையாவும் எழுதியிருக்காரு. கட்டுரை ஜாலியா இருக்கும். நாவல்ல ஜாலி கெடையாது. படிக்கறவங்க நாவல மொதல்ல படிங்க, கட்டுரைய படிச்சுட்டு இதுக்கு வந்தா இவரு ஏன் இப்படி இறுக்கமா எழுதியிருக்காருன்னு தோணும்.

டி.ஆர்.சுந்தரமும் திருச்செங்கோட்டுக்காரருதான். ஒரே ஊரு. ஒருத்தரு படம் எடுத்தாரு, ஒருத்தரு படம் ஓடுன எடத்துல சோடா வித்தவனப் பத்தி எழுதுனாரு. எனக்கு இது ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கப் பிடிக்கும், அவ்வளவுதான்.

கோரிமேட்டுக்காரன் | பிப்ரவரி 11, இரவு 10:30

சீரியல். ரெண்டு நாளா ஏற்காடு மேல, நாகலூர்ல மச்சான் வீடு, அங்க சிக்னல் மரத்துக்கு மரம் மாறும், அதான் லேட்டு.

மர்மதேசம் விடாது கருப்பு, 97, 98 வாக்குல சன் டிவில வந்துச்சு. எழுதுனது இந்திரா சௌந்தர்ராஜன், டைரக்டர் நாகா, பாலச்சந்தரோட மின்பிம்பங்கள் தயாரிச்சது. கல்யாணமான புதுசு, அப்ப வீட்டுக்காரம்மாவோட ஊருல இருந்து பாத்தேன். வெளிய பனி, காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரத்துல காத்து அடிக்கற சத்தம், டிவில கருப்பசாமி வெள்ளக் குதிரையில வருது. சீரியல் முடிஞ்சதும் கக்கூஸ் வெளிய இருக்கு, யாரு தனியா போவா? பெரிய மனுஷன் நாலு பேரு டார்ச்சு எடுத்துகிட்டு வரிசையா போவோம். மாமனாரு மட்டும் அசர மாட்டாரு, கருப்பு நமக்கு காவல் சாமிடா, அதப் பாத்து பயப்படறவன் ஏதோ தப்பு பண்ணிருக்கான்னு சொல்லுவாரு, நாங்க எல்லாரும் கப்சிப்.

இந்திரா சௌந்தர்ராஜன் பொறந்தது சேலம்தான், வாழ்ந்தது மதுரை, 2024 நவம்பர்ல போயிட்டாரு. சேலம்னு தெரியாத காலத்துலயே பிடிச்சிருச்சு, அதுனால தம்பி இதுல ஓட்டை புடிக்க முடியாது.

மறுபடி பாத்தேன் இப்ப. மெதுவாத்தான் போவுது. ஆனா அதுல ஒரு நேர்மை இருக்கு, சாமியா மனுஷனாங்கற கேள்விய கடைசி வரைக்கும் ரெண்டு பக்கமும் இழுத்துப் புடிச்சிருப்பாங்க. மனநோய்னு டாக்டர் விளக்கம் சொல்லுவாரு, சரின்னு நாம சாயறதுக்குள்ள வேற ஒண்ணக் காட்டுவாங்க. இப்ப வர்ற பேய்ப் படத்துல அந்தப் பொறுமை எனக்குத் தெரியல.

கோரிமேட்டுக்காரன் | பிப்ரவரி 11, இரவு 10:55

மெட்டி ஒலிய விட்டுட்டீங்களேன்னு வீட்ல பக்கத்துல இருந்து எட்டிப் பாத்துட்டு ஒரு சத்தம். சரி, எழுதறேன்.

2002ல இருந்து 2005 வரைக்கும் எங்க தெருவே அதுக்கு அடங்கிக் கெடந்துச்சு. டைரக்டர் திருமுருகன். கதையில சிதம்பரத்துக்கு அஞ்சு பொண்ணு. அப்ப நான் பேப்பர விரிச்சு மொகத்த மறைச்சுகிட்டு, பாக்காத மாதிரி பாத்தேன். லாக்டவுன்ல மறுபடி போட்டான்ல, அப்ப பேப்பரும் இல்ல மறைக்கறதுக்கு, நேரா உக்காந்து பாத்தேன். எனக்கு இப்ப ஒரு பொண்ணு பன்னெண்டாவது படிக்குது. அந்த சிதம்பரமா வர்ற டெல்லி குமார் ஒவ்வொரு மாப்பிள்ளை வீட்டு வாசல்லயும் போயி கைய கட்டி நிக்கறப்ப என்னால பாக்க முடியல, எந்திரிச்சு தண்ணி குடிக்கப் போயிட்டேன். மொத தடவ பாத்தப்ப எனக்கு மாப்பிள்ளை மாணிக்கம் மேலதான் கோவம். இப்ப கோவம் அந்த அப்பா மேல. ஏன்யா ஒவ்வொரு தடவயும் நீயே எறங்கிப் போற?

விடாது கருப்புலயும் சேத்தன், மெட்டி ஒலி மாணிக்கமும் சேத்தன். அந்த மனுஷன் என் வீட்டு ஹாலுக்கு எத்தனை வருஷம் வந்திருக்காரு.

லிஸ்ட்ல சேக்கறதா வேண்டாமான்னு இன்னும் முடிவு பண்ணல. பிடிச்சிருக்கு, ஆனா திரும்பப் பாக்க மாட்டேன். அப்ப நான் மேல சொன்ன 'யாரும் இல்லாதப்ப எதைப் போட்டுப் பாக்கறோமோ' கணக்கு இதுக்கு ஒத்து வரல. மனசுக்கு ரொம்ப நெருக்கமானத தனியாப் பாக்க தைரியம் வராது போல. அப்ப ஜெய்சங்கர் படத்த நான் திரும்பத் திரும்பப் பாக்கறது அது என்னை ஒண்ணும் பண்ணாதுங்கறதாலதானா? இது கொஞ்சம் ஒதைக்குது. விட்டுத் தள்ளுங்க, தூங்கப் போறேன்.

கோரிமேட்டுக்காரன் | பிப்ரவரி 14, இரவு 9:15

நம்பியார ஹீரோவா பாக்கணும்னு கேட்டவருக்கு: திகம்பர சாமியார், 1950, இதுவும் ஏற்காடு ரோடு சரக்குதான். வடுவூர் துரைசாமி அய்யங்கார் நாவல். நம்பியார் துப்பறியற ஆளு, வேஷத்து மேல வேஷமா போடுவாரு. அந்தக் கண்ணு இருக்கே, பின்னாடி இருவது முப்பது வருஷம் கையப் பெசஞ்சுகிட்டு ஹீரோயினப் பாத்த அதே கண்ணு, இங்க நல்லவன் மொகத்துல. நாமளே கொழம்பிப் போவோம். எங்க அம்மாயிகிட்ட வடுவூரார் நாவல் பைண்டு பண்ணி வெச்சிருந்தாங்க, எழுத்து கூட்டிப் படிக்கற அளவுதான் அவங்களுக்குப் படிப்பு, ஆனா அத்தன பாகத்தையும் முடிச்சவங்க. என்னைய மொதல்ல கத போட்டு இழுத்தது அவங்கதான், பள்ளிக்கூடம் இல்ல.

கோரிமேட்டுக்காரன் | பிப்ரவரி 15, காலை 7:05

முத்து காமிக்ஸ் பழைய இதழ் இருக்கான்னு நாலு பேரு தனியா கேட்டிருக்கீங்க. இருக்கு. இரும்புக்கை மாயாவி வந்த 1972 மொத இதழ் மட்டும் என்கிட்ட இல்ல, அது இருந்தா நான் ஏன் இன்னும் வேலைக்குப் போறேன். பின்னாடி வந்ததுங்க, லீ பஜார்ல பழைய பேப்பர் கடையில எடைக்குப் போக இருந்தத பொறுக்குனது. விக்கறதில்ல, எரவலும் கெடையாது, ஒருத்தர் வாங்கிட்டுப் போயி அட்டை இல்லாம திருப்பிக் குடுத்ததோட அந்தக் கத முடிஞ்சுது. வீட்டுக்கு வந்து திண்ணையில உக்காந்து படிச்சுட்டுப் போங்க, தட்டுவடை செட் வாங்கிட்டு வந்தா சந்தோஷம். பொண்ணுக்குப் பரீட்சை வருது, பெல் அடிக்காதீங்க, போன் பண்ணுங்க.